படிக்கட்டில்லாத மாடி வீடு: அடுக்குப் பெரோவ்ஸ்கைட் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் பெரோவ்ஸ்கைட் சூரிய மின்கலங்களைப் பற்றி எழுதியபோது, அதே குடும்பத்தில் அடுக்கடுக்கான அமைப்புடைய ஒரு கிளையும் உண்டு என்று ஒற்றை வரியில் சொல்லிக் கடந்திருந்தேன். கட்டுரை முழுவதற்கும் வந்த கடிதங்களைவிட அந்த ஒரு வரிக்கு வந்தவையே அதிகம். ஆகவே இந்த இதழின் கேள்வி-பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: பெரோவ்ஸ்கைட் என்பது ஒரு கனிமத்தின் பெயர். அதில் காரீயமும் கிடையாது, அயோடினும் கிடையாது. பிறகு எப்படி இந்தப் புதிய பொருள்களுக்கு அந்தப் பெயர் வந்தது? ‘அடுக்கு’ என்ற அடைமொழி எதைக் குறிக்கிறது?
– ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், கும்பகோணம்

பதில்: உரால் மலைப்பகுதியில் கிடைத்த கால்சியம் டைட்டனேட்டுக் கனிமத்தை 1839-இல் குஸ்டாவ் ரோஸ விவரித்து, ருஷ்ய அரசு அதிகாரியும் கனிமச் சேகரிப்பாளருமான லெவ் பெரோவ்ஸ்கியின் பெயரைச் சூட்டினார். பின்னாளில் அந்தப் பெயர் கனிமத்தை விட்டு, அதன் அணு அடுக்குமுறைக்குப் பொதுப்பெயராகிவிட்டது. நடுவில் ஓர் உலோக அயனி, அதைச் சுற்றி ஆறு மூலைகளில் ஆறு எதிர் அயனிகள் என்று அமைந்த எண்முகிகள், மூலையோடு மூலை சேர்ந்து மூன்று திசைகளிலும் விரிவதும், எண்முகிகளுக்கு நடுவே விழும் பள்ளங்களில் ஒரு சிறிய நேர் அயனி உட்கார்ந்திருப்பதும்தான் அந்த அடுக்குமுறை. நடு உலோகமாகக் காரீயத்தையும், மூலைகளில் அயோடைடையும், பள்ளத்தில் மெத்திலமோனியம் அயனியையும் வைத்தால் இன்று சூரிய மின்கல உலகில் பேசப்படும் பொருள் கிடைக்கிறது.

பள்ளத்தில் உட்காரும் அயனிக்கு ஓர் அளவு வரம்பு உண்டு. மெத்திலமோனியமும் சீசியமும் அதில் பொருந்தும். பியூட்டைலமோனியம், பீனைல்எத்திலமோனியம் போன்ற நீண்ட வாலுடைய கரிம அயனிகள் பொருந்தா. அவற்றைக் கரைசலில் சேர்த்தால், முப்பரிமாணச் சட்டகம் ஒரு திசையில் பிளந்து, தாள் தாளாகப் பிரிந்துவிடுகிறது. ஒவ்வொரு தாளும் காரீய அயோடைடு எண்முகிகளால் ஆனது. தாளுக்கும் தாளுக்கும் நடுவே கரிம வால்கள் நிரம்பியிருக்கின்றன. பெரிய அயனியையும் சிறிய அயனியையும் தக்க விகிதத்தில் கலந்தால், ஒரு தாள் இரண்டு, மூன்று, நான்கு எண்முகித் தடிமன் உடையதாக வளரும். ஆய்வாளர்கள் இந்த எண்ணிக்கையை ‘என்’ என்ற எழுத்தால் குறிப்பார்கள். நாம் அடுக்கெண் என்று வைத்துக்கொள்வோம். அடுக்கெண் 1 என்பது மிக மெல்லிய தாள், ஏறத்தாழ 0.6 நானோமீட்டர் தடிமன். அடுக்கெண் முடிவிலியை நெருங்கினால் மீண்டும் பழைய முப்பரிமாணப் பொருளே வரும்.

இதைப் படிக்கட்டில்லாத மாடி வீடாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு தளத்துக்குள் எலக்ட்ரான் தாராளமாக ஓடலாம். அடுத்த தளத்துக்கு ஏற மட்டும் வழியில்லை. கீழே வரும் பதில்கள் எல்லாவற்றுக்கும் இந்த வீடே அடிப்படை.

கேள்வி: எலக்ட்ரானும் துளையும் ஒரு தளத்துக்குள் அடைபட்டால் எக்ஸிட்டானின் கட்டு ஆற்றல் அதிகபட்சம் 4 மடங்காகும் என்று குவாண்டம் கிணறு பாடத்தில் படித்தோம். முப்பரிமாணக் காரீய அயோடைடுப் பெரோவ்ஸ்கைட்டில் அது 16 மில்லி எலக்ட்ரான் வோல்ட் அளவு என்கிறார்கள். அப்படியானால் அடுக்கு வகையில் 64 தானே வரவேண்டும்? முந்நூறுக்கு மேல் எப்படிப் போகிறது?
– முதுகலை இயற்பியல் மாணவி, மதுரை

பதில்: நல்ல கேள்வி, இந்தப் பொருளின் சூட்சுமமே இதில்தான் இருக்கிறது.

மற்ற வாசகர்களுக்காக ஒரு சொல். குறைக்கடத்தியில் ஒளி பட்டதும், எலக்ட்ரான்கள் நிறைந்த கீழ் ஆற்றல் பட்டையிலிருந்து (இணைதிறன் பட்டை) எலக்ட்ரான் ஒன்று காலியான மேற்பட்டைக்கு (கடத்துப் பட்டை) தாவுகிறது, அது விட்டுச்சென்ற இடம் துளையாகிறது. இரண்டு பட்டைகளுக்கும் நடுவே உள்ளதே ஆற்றல் இடைவெளி. எதிர்மின்னும் நேர்மின்னும் ஒன்றையொன்று ஈர்ப்பதால், இரண்டும் ஹைட்ரஜன் அணுவைப் போல ஒரு சோடியாகச் சுற்றித் திரியலாம். அந்தச் சோடிதான் எக்ஸிட்டான்; அதைப் பிரிக்கத் தேவைப்படும் ஆற்றலே கட்டு ஆற்றல். அறை வெப்பநிலையில் வெப்ப அசைவு தரும் ஆற்றல் சுமார் 25 மில்லி எலக்ட்ரான் வோல்ட். கட்டு ஆற்றல் இதைவிடக் குறைவாக இருந்தால் சோடி தானாகவே பிரிந்துவிடும். மிக அதிகமாக இருந்தால் பிரியவே பிரியாது.

நீங்கள் படித்த 4 மடங்குக் கணக்கு சரியானதே. ஆனால் அது ஓர் அனுமானத்தைச் சொல்லாமல் உள்ளே வைத்திருக்கிறது: கிணற்றுக்கு, அதாவது எலக்ட்ரானை அடைத்துவைக்கும் மெல்லிய அடுக்குக்கு, உள்ளேயும் வெளியேயும் மின்காப்பு மாறிலி (மின் ஈர்ப்பை ஒரு பொருள் எவ்வளவு மட்டுப்படுத்துகிறது என்ற அளவு) ஒன்றே என்பது அந்த அனுமானம். காலியம் ஆர்சனைடுக் கிணற்றை அலுமினியம் காலியம் ஆர்சனைடுச் சுவர்களுக்கு நடுவே வளர்க்கும்போது இது பெரும்பாலும் பொருந்தும், ஏனெனில் இரண்டின் மாறிலிகளும் அருகருகே உள்ளவை. அடுக்குப் பெரோவ்ஸ்கைட்டில் நிலைமை வேறு. காரீய அயோடைடுத் தாளின் மாறிலி ஒளி அதிர்வெண்களில் ஆறைச் சுற்றி இருக்கிறது. கரிம வால்களுக்கோ 2 முதல் 3 வரைதான்.

தாள் ஒரு நானோமீட்டருக்கும் மெல்லியது என்பதை மறக்காதீர்கள். எலக்ட்ரானிலிருந்து துளைக்குச் செல்லும் மின்விசைக் கோடுகள் தாளுக்குள் அடங்க இடம் போதாமல், மேலும் கீழும் பிதுங்கிக் கரிமப் பகுதி வழியாக வளைந்து போகின்றன. அங்கே அவற்றை மட்டுப்படுத்த ஆளில்லை. திரையிடும் ஊடகம் மெலிந்துபோவதால் ஈர்ப்பு முழு வலிமையோடு நிற்கிறது. ஆக, இடத்தால் ஓர் அடைப்பு, மின்காப்பால் இன்னோர் அடைப்பு என்று இரட்டைப் பூட்டு விழுகிறது. பாடநூல் சொன்னது முதல் பூட்டை மட்டும்.

இது வெறும் விளக்கம் இல்லை, சோதித்துப் பார்க்கப்பட்டது. ஜப்பானிய இயற்பியலாளர் டெருயா இஷிஹாராவும் உடனாய்வாளர்களும் 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அடுக்கெண் 1 உடைய காரீய அயோடைடில் பத்துக் கார்பன் நீளமுள்ள டெசைலமோனியத்தை வைத்து அளந்தபோது கட்டு ஆற்றல் 370 மில்லி எலக்ட்ரான் வோல்ட் என்று வந்தது. பிறகு காரீய அயோடைடுத் தாளை அப்படியே வைத்துக்கொண்டு, கரிம அயனியை மட்டும் பீனைல்எத்திலமோனியமாக மாற்றினார்கள். பென்சீன் வளையம் உள்ளதால் அதன் மின்காப்பு மாறிலி சற்றே கூடுதல். கட்டு ஆற்றல் 220-க்கு இறங்கியது. எலக்ட்ரான் ஓடும் தாளில் கைவைக்காமல், அது ஒருபோதும் கால்வைக்காத பகுதியை மாற்றியதாலேயே இவ்வளவு வேறுபாடு. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த சோதனை இதுதான். உங்கள் வகுப்பில் கருத்தரங்கு இருந்தால் இதையே எடுத்துப் பேசுங்கள்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தச் சோடியை ஹைட்ரஜன் அணு என்று ஓரளவுக்குத்தான் சொல்லலாம். தூரம் கூடக் கூட விசைக்கோடுகள் கரிமத்தின் வழியாகப் போகும் பங்கு மாறிக்கொண்டே இருப்பதால், ஆற்றல் மட்டங்களின் வரிசை ஹைட்ரஜனின் பழக்கமான வரிசையிலிருந்து விலகுகிறது. போதாக்குறைக்கு, காரீய அயோடைடுச் சட்டகம் மென்மையானது. மின்துகள் நகரும்போது அணிக்கோவையும் (அணுக்களின் ஒழுங்கான வரிசை) சேர்ந்து நெளிந்துகொடுக்கிறது. கிணற்றுக் கணக்கை அப்படியே பொருத்திப் பார்ப்பவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான்.

கேள்வி: அடுக்கெண் 1 உடைய காரீய அயோடைடின் ஆற்றல் இடைவெளி ஒரு கட்டுரையில் 2.4 எலக்ட்ரான் வோல்ட் என்றும், மற்றொன்றில் 2.8-க்கு மேல் என்றும் இருக்கிறது. எது பிழை? அதன் ஆற்றல் பட்டைகள் எங்கிருந்து வருகின்றன?
– பொறியியல் கல்லூரி விரிவுரையாளர், திருநெல்வேலி

பதில்: பெரும்பாலும் இரண்டும் சரியே, இரண்டும் வெவ்வேறு இடைவெளிகள். ஒளி உறிஞ்சல் வரைபடத்தில் முதலில் எழும் கூர்முனை, எக்ஸிட்டான் பிறப்பதைக் காட்டுகிறது. எலக்ட்ரானும் துளையும் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே இருக்கும் உண்மையான மின்னணு இடைவெளி, அதைவிடக் கட்டு ஆற்றல் அளவுக்கு மேலே இருக்கிறது. சிலிக்கனில் இந்த வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று என்பதால் எவரும் பிரித்துப் பேசுவதில்லை. இங்கே பிரிக்காவிட்டால் பெரும் குழப்பம். கட்டுரையைப் படிக்கும்போது இடைவெளி எப்படி அளக்கப்பட்டது என்பதை முதலில் பாருங்கள்.

உறிஞ்சல் அளவீட்டின்படி, பியூட்டைலமோனியம் வரிசையில் அடுக்கெண் 1-க்கு 2.43, 2-க்கு 2.17, 3-க்கு 2.03, 4-க்கு 1.91 எலக்ட்ரான் வோல்ட். முப்பரிமாணப் பொருளுக்கு 1.5. நிறமாகவே இதைப் பார்க்கலாம்: முதலாவது ஆரஞ்சு, இரண்டாவது சிவப்பு, அடுத்தது கருஞ்சிவப்பு, கடைசியில் கறுப்பு.

பட்டைகள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் கேட்டிருந்தீர்கள். இணைதிறன் பட்டையின் உச்சி, காரீயத்தின் 6எஸ் ஆர்பிட்டாலும் (அணுவைச் சுற்றி எலக்ட்ரான் இருக்கும் பகுதி) அயோடினின் 5பி ஆர்பிட்டாலும் எதிர்ப்பிணைப்பாகக் கலந்து உண்டாவது. கடத்துப் பட்டையின் அடி, முதன்மையாகக் காரீயத்தின் 6பி. காரீயம் கனமான அணு என்பதால் சுழற்சி-சுற்றுப்பாதைப் பிணைப்பு (எலக்ட்ரானின் தற்சுழற்சிக்கும் அதன் சுற்றோட்டத்துக்கும் உள்ள தொடர்பு) வலுவாக இருந்து கடத்துப் பட்டையைக் கீழே இழுக்கிறது. வழக்கமான கரிம அயனிகளின் ஆற்றல் மட்டங்கள் இடைவெளியிலிருந்து வெகுதொலைவில் இருக்கின்றன. ஆனாலும் அவை வெறும் பார்வையாளர்கள் அல்ல: அம்மோனியத் தலை எண்முகிகளைப் பிடித்து இழுக்கும் விதத்தைப் பொறுத்து, காரீயம்–அயோடின்–காரீயம் கோணம் 180 பாகையிலிருந்து 155 பாகை வரைகூட மடங்குகிறது. மடங்க மடங்க ஆர்பிட்டால்களின் மேற்பொருந்தல் குறைந்து இடைவெளி விரிகிறது. அடுக்கெண் ஒன்றாக இருந்தும் இரண்டு ஆய்வுக்கூடங்களின் எண்கள் வேறுபட இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: சோடி பிரியாவிட்டால் மின்சாரம் ஏது? இவ்வளவு இறுக்கமாகக் கட்டிப்பிடிக்கும் பொருளைச் சூரிய மின்கலத்தில் ஏன் வைக்கிறார்கள்?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: வைத்தது திறனுக்காக அல்ல, ஆயுளுக்காக. சுடோமு மியாசாகா குழு 2009-இல் முப்பரிமாணப் பெரோவ்ஸ்கைட்டைக் கொண்டு 3.8 விழுக்காட்டுத் திறனுடைய கலத்தைக் காட்டியது. அந்த வகைச் சிறு கலங்களின் திறன் இன்று 26 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. ஆனால் ஈரக்காற்றுப் பட்டால் அந்தக் கறுப்புப் படலம் மெல்ல மஞ்சளாகிவிடும். மெத்திலமோனியம் வெளியேறி, எஞ்சுவது காரீய அயோடைடு மட்டும். ஆய்வகத்தில் ஒரு மழைக்காலத்தைக் கழித்த எந்த மாணவரும் இந்த மஞ்சளை மறக்கமாட்டார்.

கொழும்பில் வளர்ந்து, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும் ஹேமமாலா கருணாதாசவின் குழு, 2014-இல் அடுக்கெண் 3 உடைய பொருளை முயன்றது. நீர்விலக்கும் கரிம வால்கள் நடுவில் இருப்பதால் ஈரம் எளிதில் உட்புகவில்லை. திறன் மட்டும் 4.73 விழுக்காட்டில் நின்றது. காரணம் நீங்கள் சொன்னதோடு இன்னொன்றும்: கண்ணாடிமீது படலம் பூசினால் தளங்கள் கண்ணாடிக்கு இணையாகப் படுத்துக்கொள்ளும் போக்குடையவை. மின்முனைகளோ மேலும் கீழும் இருக்கின்றன. நம் வீட்டில் படிக்கட்டு இல்லை அல்லவா?

இதற்கு 2016-இல் கண்ட வழி, படிக்கட்டுக் கட்டுவதன்று. வீட்டையே பக்கவாட்டில் சாய்த்து நிறுத்துவது. லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஆதித்யா மோஹிதேயின் குழுவும், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் மெர்கூரி கனட்சிடிஸும் சேர்ந்து, கண்ணாடியை முன்கூட்டியே சூடாக்கி அதன்மேல் கரைசலைச் சுழற்றிப் பூசினார்கள். படிகங்கள் செங்குத்தாக வளர்ந்தன; தளங்கள் ஒரு மின்முனையிலிருந்து மறு மின்முனைக்குச் செல்லும் நேர்வழிகளாயின. அடுக்கெண் 4 உடைய அந்தக் கலம் 12.52 விழுக்காட்டை எட்டியது. உறையிடாத நிலையிலும், தொடர் ஒளியில் 2,250 மணி நேரத்துக்குப் பிறகு தொடக்கத் திறனில் 60 விழுக்காட்டுக்கு மேல் மிச்சம் இருந்தது. அடுக்கெண் 4-க்கு வரும்போது கட்டு ஆற்றலும் வெகுவாக இறங்கியிருக்கும் என்பதால், சோடிகள் பிரிவதும் முன்னளவு கடினமில்லை.

இருப்பினும், முழுக்கலத்தையும் அடுக்கு வகையால் செய்யும் முயற்சியைவிட, முப்பரிமாணப் படலத்தின் மேற்பரப்பில் சில நானோமீட்டர் தடிமனில் மட்டும் அடுக்கு வகையை வளர்க்கும் முறையே இன்று கைகொடுக்கிறது என்பது என் கணிப்பு. வெளிச்சத்தைக் கீழுள்ளது விழுங்கும். மேற்பரப்பின் குறைகளை மூடுவதும், அயனிகள் ஊர்ந்து வெளியேறாமல் தடுப்பதும் மேலுள்ளதன் வேலை. வீடு கட்ட ஆகாதது கூரைக்கு ஆயிற்று.

கேள்வி: அப்படியானால் ஒளி உமிழ எல்.இ.டி.க்கு இது பொருத்தமான பொருளா? தொலைக்காட்சித் திரையில் எப்போது வரும்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பொருத்தமே. அங்கே சோடி பிரியக்கூடாது, சேர்ந்து அழிந்து ஒளியாக வேண்டும். ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் 1994-இலேயே பீனைல்எத்திலமோனியம் காரீய அயோடைடைக் கொண்டு பச்சை ஒளி உமிழும் கருவி செய்தார்கள். சதுர மீட்டருக்கு 10,000 கேண்டெலாவுக்கு மேல் பிரகாசம். ஆனால் அதைத் திரவ நைட்ரஜனில் குளிர்வித்து 24 வோல்ட் கொடுக்க வேண்டியிருந்தது. கட்டு ஆற்றல் பெரிதாக இருந்தாலும், அறை வெப்பநிலையில் அணிக்கோவையின் அதிர்வுகளும் குறைகளும் ஆற்றலை ஒளியாகவிடாமல் வெப்பமாக்கிவிடுகின்றன.

பின்னர் வந்த தீர்வு சாமர்த்தியமானது. ஒரே அடுக்கெண்ணைத் தூய்மையாக வளர்க்கப் பாடுபடாமல், பல அடுக்கெண்கள் கலந்த படலத்தை வேண்டுமென்றே செய்வது. சிறிய அடுக்கெண் பகுதிகளில் பிறக்கும் ஆற்றல், மேட்டு நீர் பள்ளத்துக்கு வடிவதுபோல், இடைவெளி குறைந்த பெரிய அடுக்கெண் பகுதிகளுக்கு நொடியின் கோடியில் ஒரு பங்கைவிடவும் மிகக் குறைந்த நேரத்தில் வடிந்துவிடுகிறது. குறைகளிடம் அகப்படுவதற்குள் ஒரு சிறு இடத்தில் செறிந்து ஒளியாகிறது. டொரன்டோவில் டெட் சார்ஜென்டின் குழு 2016-இல் இவ்வழியில் 8.8 விழுக்காட்டுப் புறக் குவாண்டம் திறனை (செலுத்திய எலக்ட்ரான்களுக்கு எத்தனை ஒளித்துகள்கள் வெளியே வருகின்றன என்ற அளவு) அடைந்தது. 2018-இல் பெரோவ்ஸ்கைட் எல்.இ.டி.கள் 20 விழுக்காட்டைக் கடந்தன.

திரைக்கு வருவதைத் தடுப்பது நீலம். இடைவெளியை விரிக்கக் குளோரைடையும் புரோமைடையும் கலந்தால், மின்னோட்டத்தில் அவை தனித்தனியே பிரிந்து ஒதுங்கி நிறம் பிறழ்கிறது. ஆயுளும், கரிமப் பொருளால் ஆன ஓஎல்இடி திரைகளோடு ஒப்பிடும் நிலையில் இன்னும் இல்லை. ஆகவே உங்கள் பழைய தொலைக்காட்சியை இதற்காகக் காத்து வைத்திருக்க வேண்டாம்.

கேள்வி: காரீயம் நஞ்சாயிற்றே? வெள்ளீயத்தை வைத்தால் என்ன?
– குடும்பத் தலைவி, சேலம்

பதில்: வைத்திருக்கிறார்கள், பெரோவ்ஸ்கைட் சூரிய மின்கலங்களுக்கு வெகு முன்பே. ஐபிஎம் ஆய்வகத்தில் டேவிட் மிட்ஸி 1994-இல் வெள்ளீய அயோடைடு அடுக்குகளைச் செய்து, அடுக்கெண் கூடக் கூட அவை குறைக்கடத்தியிலிருந்து உலோகத்தைப் போலக் கடத்துவதாக மாறுவதைக் காட்டினார். 1999-இல் அதே ஆய்வகத்தில் பீனைல்எத்திலமோனியம் வெள்ளீய அயோடைடால் டிரான்சிஸ்டரும் செய்யப்பட்டது. அங்கே மின்னோட்டம் தளத்துக்குள்ளேயே ஓடினால் போதும் என்பதால் படிக்கட்டுத் தொல்லையே இல்லை. சிக்கல் வேதியியலில்தான்: இரட்டை நேர்மின் வெள்ளீயம் காற்றுப் பட்டதும் நான்காக ஆக்சிசனேற்றமடைந்து, வேண்டாத துளைகளைப் பொருளுக்குள் கொட்டிவிடுகிறது.

கேள்வி: எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் இதன் படிகங்களை வளர்க்க முடியுமா?
– இளங்கலை மாணவர், காரைக்குடி

பதில்: புகைப்போக்கி அறையும், ஆசிரியரின் மேற்பார்வையும், காரீயக் கழிவைத் தனியே சேகரிக்கும் ஏற்பாடும் இருந்தால் முடியும், இல்லாவிட்டால் தொடவே வேண்டாம். ஹைட்ரயோடிக் அமிலம் கடுமையாக அரிக்கக்கூடியது. அதோடு சேர்க்கும் ஹைப்போபாஸ்பரஸ் அமிலத்தை மிகையாகச் சூடாக்கினால் நச்சு வாயு வரும். செய்முறையின் சாரம் எளியது. பழைய ஹைட்ரயோடிக் அமிலம் அயோடின் கலந்து பழுப்பாக இருக்கும். ஹைப்போபாஸ்பரஸ் அமிலம் விட்டதும் கண்ணெதிரே தெளிந்து வெளிர்மஞ்சளாகும். அதில் காரீய ஆக்சைடைச் சூட்டில் கரைத்து, அமிலத்தோடு ஏற்கெனவே நடுநிலையாக்கிய பீனைல்எத்திலமீனைச் சேர்த்து, அவசரமில்லாமல் ஆறவிட வேண்டும். வேகமாக ஆறினால் தூள். மெதுவாக ஆறினால் அபிரகத் தகடு போல மெல்லிய ஆரஞ்சுச் சில்லுகள்.

வடிகட்டி உலர்த்திய சில்லு ஒன்றைக் கையுறையோடு எடுத்து, இருபுறமும் ஒட்டும் நாடாவை ஒட்டிப் பிரித்துப் பாருங்கள். வால்களுக்கு நடுவே உள்ள பிடிமானம் தளர்வானது என்பதால், கிராஃபைட்டைப் போலவே தளம் தளமாக உரிந்து வரும். பிறகு விளக்கை அணைத்து, கள்ளநோட்டுப் பார்க்கும் புறஊதா டார்ச்சை அதன்மேல் அடியுங்கள். ஆரஞ்சாகத் தெரிந்த சில்லு பச்சையாக ஒளிரும். உரித்த நாடாவையும் கையுறையையும் சாதாரணக் குப்பையில் போடாமல் காரீயக் கழிவுப் பெட்டியில் சேர்த்துவிடுங்கள்.